ஊருக்குப் போகிற கோட்டு

என் தங்கை புருஷன் எப்படி இருக்கிறார் என்று பார்த்து வரத்தான் நான் மலாய் நாட்டுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் திரும்பி வந்த நாளிலிருந்து, மன்னார்குடியில் என் நாட்டு மருந்துக் கடைக்கு ஓமம் வாங்க வருகிறவர்கள்கூட, "அங்கே தெருவிலேயே புலி வருமாமே?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நான் புலியைப் பார்க்கவில்லை. வேலை போன மனிதர்களைத்தான் பார்த்தேன். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். தங்கை குஞ்சம்மாளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். மாப்பிள்ளை தருமலிங்கத்துக்குக் கோலாலம்பூரில் வேலை. கல்யாணத்துக்கென்று வந்தார், இரண்டு மாதம் இருந்தார், கப்பல் ஏறினார். "வருகிற தையில் வந்து அழைத்துப் போகிறேன்" என்று கடிதம் வந்தது. அடுத்த வருஷமும் அதே கடிதம், அதே தை. பிறகு கடிதமும் அத்திபூத்தாற்போல ஆகிவிட்டது. எங்கள் தெருவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வாய்க்குப் பஞ்சம் வராது. "அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருப்பான்" என்றார்கள். குஞ்சு என் வீட்டில் இருந்தாள். அங்கே குடித்தனம் வைக்க வழி இருந்தால் அவளை அனுப்பி வைப்பது, இல்லாவிட்டால் அவரைக் கையோடு அழைத்து வந்துவிடுவது. இந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டு வரத்தான் கிளம்பினேன். கப்பலில் நான் வாந்தி எடுத்த கதையை விட்டுவிடுகிறேன். கைவசம் இருந்த சுக்கெல்லாம் கடலுக்குத்தான் போயிற்று.

கோலாலம்பூர் ரயில் நிலையம் வெள்ளை வெளேரென்று, மேலே கும்மட்டங்களோடு நிற்கிறது. நவாப் யாராவது குடியிருக்கிறாரோ என்று நினைத்து ஒதுங்கியே நடந்தேன். வாசலுக்கு வந்ததும் ரிக்ஷாக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் சீனர்கள். அவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். இறங்கிய பிரயாணிகளோ நாலே பேர். ஒருவர் என் பெட்டியைப் பிடுங்கினார், இன்னொருவர் என்னையே பிடுங்கினார். கண் மூடித் திறப்பதற்குள் நான் ஒரு ரிக்ஷாவிலும் என் தகரப் பெட்டி இன்னொரு ரிக்ஷாவிலும் ஏறியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே இடப்பெயர் பிரிக்பீல்ட்ஸ். அதைக் கத்தினேன். இரண்டு வண்டியும் ஓடின.

பெட்டி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அதை இழுத்து வந்தவர் பக்கத்தில் குந்தி இருமிக்கொண்டிருந்தார். மருந்துக் கடைக்காரன் காதுக்கு அது சாதாரண இருமலாகப் படவில்லை. இரண்டு பேருக்கும் கூலி கொடுத்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழர் பக்கத்தில் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஈயச் சுரங்கத்தயெல்லாம் மூடிட்டாங்க. அங்க மண்ணு வெட்டுனவன்லாம் இப்ப வண்டி இழுக்கிறான். வண்டிதான் பெருகிப்போச்சு, ஏற ஆளில்ல லா."

அவர் பெயர் மருதமுத்து. துறையூர்ப் பக்கத்துக்காரர். ரோடு போடும் காண்டிராக்டர் ஒருவரிடம் கூலி வேலை. நான் கடிதத்து மேல்விலாசத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த விலாசம் அவர் இருந்த லயம்தான். பலகை அடைத்த வரிசை வீடு, பத்து அறை, ஒவ்வொரு அறையிலும் ஐந்தாறு ஆண்கள்.

"தருமலிங்கம் மச்சானா நீங்க? அவரு இங்க இல்லண்ணே. கிள்ளான் பக்கம் போயி ரெண்டு வருசமாச்சு."

"கடிதம் இந்த விலாசத்துக்குத்தானே எழுதுகிறோம்?"

"நான்தான் வாங்கிக் குடுத்துவிடுவேன்" என்றார். அதற்குமேல் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சாப்பிட்டு வரலாம் என்று அழைத்துப் போனார்.

போனது ஒரு சீனர் வைத்திருந்த கோப்பிக் கடை. காப்பியை அங்கே கோப்பி என்கிறார்கள். பெயரில் மட்டுமா மாற்றம்? கன்னங்கரேலென்று கஷாயம் போல வடித்து, அடியில் டின் பாலை ஊற்றி, கலக்குகிற வேலையை நம் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு குவளை குடித்தேன். கடையில் எங்களைத் தவிர ஆளே இல்லை. முதலாளி, அவரைத் தவுக்கே என்று கூப்பிடுகிறார்கள், எங்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்து மலாய் பாஷையில் மருதமுத்துவிடம் நெடுநேரம் புலம்பினார். மருதமுத்து எனக்குத் தமிழில் சொன்னார்:

"அவங்கப்பா வெறுங்கையோட வந்து இந்தக் கடய வெச்சாராம். இவரு கடயோட ஆரம்பிச்சாரு, வெறுங்கையோட போகப்போறாராம். 'உங்க ஆளு புதுசா வந்திருக்காரே, அவருக்கு யாரும் சேதி சொல்லலியா?'ன்னு கேக்குறாரு."

நான் பிழைக்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்று சொல்லச் சொன்னேன். தவுக்கே சிரித்தார். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றாராம்.

மறுநாள் மழை. அந்த ஊர் மழைக்கு நம் ஊர் மழைபோல ஐப்பசி, கார்த்திகை என்று ஒரு ஒழுங்கு கிடையாது. மத்தியானம் ஆனால் கொட்டுகிறது. லயத்திலேயே அடைந்து கிடந்தேன். பகல் நேரத்தில் பாதிப் பேர் அறைகளிலேயே இருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் நிலைமை எனக்கு உறைத்தது. நல்ல தேகக்கட்டுள்ள ஆண்கள் திங்கட்கிழமைப் பகலில் பாயில் படுத்திருப்பதை நான் நம் ஊரில் காய்ச்சல் காலத்தில்தான் பார்த்திருக்கிறேன். கித்தா விலை விழுந்துவிட்டது, கித்தா என்றால் ரப்பர், அதோடு ஈயமும் விழுந்தது, அவை விழுந்தால் ரோடு எதற்கு, ரோடு இல்லாவிட்டால் ரோட்டுக் கூலி எதற்கு என்று ஒருவர் எனக்கு விளக்கினார். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்குச் சர்க்கார் கப்பலில் இலவசமாக இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த லயத்தில் மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நான் திரும்ப இருந்த அதே கப்பல்.

அந்த மூன்று பேரும் மருதமுத்துவின் அறை வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தது. யார் அதைப் போட்டுக்கொண்டு போவது என்பதுதான் வழக்கு. நான் பொழுது போகாமல் அந்தக் கோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இடது கை மணிக்கட்டருகே ஒரு மஞ்சள் கறை.

எனக்கு அந்தக் கறையைத் தெரியும். நலங்கு வைக்கும்போது பட்ட மஞ்சள். குஞ்சு மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "மாப்பிள்ளையின் கோட்டை வீணாக்கிவிட்டோமே" என்று என் மனைவி வருத்தப்பட்டாள்.

"இது யார் கோட்டு?" என்றேன்.

"எல்லாருதுந்தாண்ணே" என்றார் மூவரில் ஒருவர், திருவாரூர்க்காரர். "ஊருக்குப் போற கோட்டு."

மருதமுத்து மெதுவாக விவரம் சொன்னார். லயத்தில் எல்லாரும் சேர்ந்து தைத்தது அது. கோட்டு, ஒரு குடை, ஒரு மோதிரம், ஒரு கடிகாரச் சங்கிலி. ஊருக்குப் போகிறவர் இவற்றைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். திரும்பி வரும்போது கொண்டுவந்து ஆணியில் மாட்டவேண்டும். திரும்பாதவர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். சங்கிலியின் நுனியில் கடிகாரம் கிடையாது. "பையிக்குள்ள விட்டுக்கிட்டா யாருக்குத் தெரியுது? மணி என்னன்னு நம்ம ஊர்ல யாரு கேக்கப்போறா?" என்றார் திருவாரூர்க்காரர்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மாப்பிள்ளை பார்க்கும்போது நான் எதை விசாரித்தேன்? குலம் விசாரித்தேன், கோத்திரம் விசாரித்தேன். பையனுடைய வேலை என்ன, இருப்பிடம் எப்படி என்று கேட்கவே இல்லை. கேட்பானேன்? கோட்டும் சங்கிலியும்தான் எதிரில் உட்கார்ந்திருந்தனவே! நூறு மிளகில் ஒரு பப்பாளி விதை கிடந்தால் கண்டுபிடித்துவிடுகிற ஆள் நான். என் தங்கையை ஒரு கோட்டுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

"ஊரையே ஏமாற்றுகிறீர்களே, வெட்கமாயில்லை?" என்று கத்தினேன்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மருதமுத்து மட்டும் சொன்னார்: "ஏமாத்தணும்னு இல்லண்ணே. வெறுங்கையோட போனா சனங்க மொகத்த எப்படிப் பாக்குறது? மொத மொத தெச்சப்ப, வருசம் ரெண்டு வருசத்துல ஆளுக்கொண்ணு சொந்தமா தெச்சிக்கலாம்னுதான் நெனச்சோம்."

கிள்ளானுக்கு மூன்றாம் நாள் கிளம்பினேன். ரயிலில் போயிருக்கலாம், ஏழு பேர் உட்காருகிற ஒரு குட்டி பஸ்ஸில் ஏறினேன். கொசு பஸ் என்று அதற்குப் பெயர். பொருத்தமான பெயர்தான், அவ்வளவு சத்தம். பாதி வழியில் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. ஓட்டி வந்த மலாய்க்காரர் அவசரப்படாமல் இறங்கி, சக்கரத்தை ஒரு பார்வை பார்த்து, பீடி பற்றவைத்தார். நாங்கள் தள்ளினோம். என்னோடு தள்ளியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் டை. தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவராம். தோட்டத்தைக் காடு மூட விட்டுவிட்டார்கள்.

"நீங்கள் ஊரிலயிருந்து புதுசா வாறியளோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"இது வாற காலமில்லை, ஐயா. போற காலம்" என்று சொல்லிவிட்டு, டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மறுபடியும் தள்ளினார்.

மாப்பிள்ளை இருந்த இடம் கிள்ளானைத் தாண்டி, சதுப்பும் மேடுமாகக் கிடந்த ஒரு புறம்போக்கு. யாருடைய நிலம் என்று அங்கே குடியிருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசைகள்; மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிச் சுவராக நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் குனிந்து கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோதுதான் அவர் தருமலிங்கம் என்று தெரிந்தது. கண் வெளுத்து, வயிறு இடப்பக்கம் தூக்கியிருந்தது. மண்ணீரல் வீக்கம், முறைக்காய்ச்சல் அடித்து ஓய்ந்த உடம்பு. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டன.

"வாங்க மச்சான்" என்றார், ஏதோ அடுத்த தெருவிலிருந்து நான் வந்ததுபோல. பிறகு கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேறொருத்தி யாரும் இல்லை. அந்தக் குடிசையில் ஒரு பாய், ஒரு பானை, ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான். தெருவாரின் சந்தேகம் நிஜமாயிருந்திருந்தால்கூட எனக்கு ஒரு வசதி இருந்திருக்கும், அவர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன்.

அன்று எனக்குச் சோறும் மீன் குழம்பும் வைத்தார். அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். நான் வைத்தியம் வேறு சொன்னேன்: நிலவேம்பு காய்ச்சிக் குடியுங்கள், மந்தம் போகும் என்று. மறுநாள் காலையில் பக்கத்துக் குடிசை அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நேத்து வாங்குன அரிசியப் பத்தி ஒண்ணும் நெனக்காதீங்க, விருந்தாளி போனப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பார்த்தால் அவர் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்கு மூன்று வேளையும். முந்தின நாள் நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வேலை எப்படிப் போயிற்று என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏழு வருசம் மச்சான், ஒரு நாள்கூட வேலைக்குப் போகாம நின்னதில்ல. கல்லு ஒடைக்கிறதுல என்ன அடிச்சிக்க ஆளில்ல. அன்னிக்குக் காலைல பேரு கூப்புட்டு வரிசையா நிக்கச் சொன்னாங்க. மருதமுத்துகிட்ட வெத்தலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கலாம்னு நான் அவனுக்கு அந்தப்பக்கம் தள்ளிப் போயி நின்னேன். மேஸ்திரி கம்ப நீட்டி வரிசைய ரெண்டாப் பிரிச்சாரு. கம்புக்கு அந்தப்பக்கம் நிக்கிறவங்களுக்கு இனிமே வேலை இல்லேன்னாரு. மருதமுத்து இந்தப்பக்கம். நான் அந்தப்பக்கம்."

"நன்றாக வேலை செய்கிறவர் யார் என்று பார்க்கமாட்டார்களா?"

"யாரு பாக்குறா? நானும் ஊர்ல இருக்குறப்ப அப்படித்தான் நெனச்சேன், மச்சான். ஒழைச்சா ஒசந்துடலாம்னு. ஒழைச்சேன். எனக்குத் தெரிஞ்சி எல்லாரும் ஒழைச்சாங்க. ஒசரவேண்டியது கித்தா வெலையாம்ல!"

அவரிடம் நான் அன்று முழுக்க மன்றாடினேன். கீரைக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு கிள்ளான் பாசாருக்குப் போனார். கூடவே போனேன், வழியெல்லாம் பேசினேன். பாசாரில் அவரைப் போலக் கீரை விற்கிறவர்களே நூறு பேர் இருந்தார்கள். எல்லாருமே ஏதோ ஒரு கம்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். பாதிக் கட்டு விற்காமல் வாடியது. "இலவசக் கப்பல் நிற்கிறது, பெயர் கொடுங்கள், நாளைக்கே என்னோடு வாருங்கள்" என்றேன்.

"வந்து? உங்க வீட்டுல குஞ்சு ஒக்காந்து சாப்புடுறா. கூட நானும் ஒக்காந்து சாப்புடவா?"

அதற்கு நான் "அதனாலென்ன" என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்ல வரவில்லை. ஒரு நிமிஷம் தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தை அவர் கவனித்துவிட்டார்.

கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "வேலையா இருக்கேன், வீடு கட்டிக்கிட்டிருக்கேன், கொஞ்சம் பொறுத்துக்கன்னு அவகிட்ட சொல்லுங்க மச்சான். இங்க வந்து இந்தத் தண்ணியில அவளும் காய்ச்சல்ல விழவேணாம்." சரி என்று தலையை ஆட்டினேன். பையில் மிச்சமிருந்த நிலவேம்பை அவரிடம் கொடுத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

கப்பலில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள், கோட்டும் இருந்தது. ஏழு நாளும் அதை ஒரு துணியில் சுற்றி, ஈரம் படாமல் மூவரும் முறைவைத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். மேல்தட்டில் எங்களைப் போல முந்நூறு நானூறு பேர். பெரும்பாலும் இலவசமாகத் திரும்புகிறவர்கள். போகும்போது கப்பலில் பாட்டு கேட்டது. இந்தத் தடவை யாரும் பாடவில்லை.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலில் திருவாரூர்க்காரர் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது, மற்ற இருவரும் திருவாரூர்ச் சத்திரத்தில் தங்குவது, இரண்டு நாள் கழித்து அவர் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுப்பது, பிறகு அடுத்தவர். மூன்றாமவருக்கு முறை வர இன்னும் நாலைந்து நாள் ஆகும். அவர் ஊர் திருவாரூரிலிருந்து எட்டு மைல்தான். மனைவியையும் பெற்றவர்களையும் பார்த்து ஆறு வருஷமாகிறது அவருக்கு.

நானும் அவர்களோடு திருவாரூரில் இறங்கி ரயில் மாறினேன். அந்த இருவரும் சத்திரத்து வாசலில் மூட்டைகளோடு உட்காருவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். "இப்படியே போங்களேன், அவர்கள் என்ன, உங்களை வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்கள்?" என்று கெஞ்சிப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றார்கள். மன்னார்குடி வண்டியில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. குஞ்சுவிடம் பொய் சொல்வதில்லை என்று அப்போதுதான் தீர்மானித்தேன். அவளையும் ஒரு சத்திரத்து வாசலில் உட்கார்த்திவைத்திருக்கிறோம் என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாள் கொல்லைப்புறம் போனேன். குஞ்சு உரலில் திப்பிலி இடித்துக்கொண்டிருந்தாள். என் கடைக்கு வேண்டிய சூரணம் அத்தனையும் அவள் இடித்துச் சலித்துக் கொடுப்பதுதான். நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, கம்பு, கீரை, மரவள்ளிக் கிழங்கு, மண்ணீரல். ஒன்றையும் மறைக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். உலக்கையைக்கூட நிறுத்தவில்லை.

"மழை பெஞ்சா ஒழுகுதா?" என்று கேட்டாள்.

"ஒழுகுகிறது."

"அடுப்பு உள்ளயா, வெளியிலயா?"

"வெளியில். மேலே ஒரு தகரம் சாய்த்திருக்கிறார்."

"கெணறு?"

"கிணறு இல்லை. வாய்க்கால் தண்ணீர். அதனால்தான் காய்ச்சல்."

சிறிது நேரம் இடித்தாள். பிறகு, "அடுத்த கப்பல் எப்ப?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அரை மணி நேரமாக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவள் என்ன கேட்கிறாள்! "அங்கே என்ன இருக்கிறது என்று போகிறாய்? எட்டுத் திசையிலிருந்தும் வந்தவர்கள் எல்லாரும் மாடாய் உழைத்துவிட்டு மண்ணைத் தின்கிறார்கள். இனிமேல் அந்த நாட்டில் போய் யாரும் உழைத்து முன்னுக்கு வர முடியாது. நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று கத்தினேன்.

குஞ்சு உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"நானும் பொழைக்க வந்தவதானே அண்ணே, உங்க வீட்டுக்கு? அஞ்சு வருசமா விடியக்காலம் எந்திரிச்சு இடிக்கிறேன். நான் என்ன முன்னுக்கு வந்துட்டேன்?"

அவள் உள்ளங்கைகளைப் பார்த்தேன். திப்பிலிக் காரத்தில் தோல் உரிந்து உரிந்து காப்புக் காய்த்திருந்தன. ஏழு நாள் கப்பல் தூரத்தில் இருமுகிற ஒரு சீனருக்கு என்ன வியாதி என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் வீட்டுக் கொல்லையில் இருந்த இந்தக் கைகள் ஐந்து வருஷமாகக் கண்ணில் படவில்லை. மாப்பிள்ளை "உட்கார்ந்து சாப்பிடுகிறாள்" என்று சொன்னபோதுகூட நான் மறுத்துப் பேசவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் குஞ்சு கப்பல் ஏறினாள். நான்தான் நாகப்பட்டினம் வரை போய் ஏற்றிவிட்டேன். இதுவரை ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து பாத்திகளை அழித்துவிட்டார்களாம். இன்னும் உள்ளே தள்ளிச் சதுப்பில் வேறு குடிசை போட்டிருக்கிறார்களாம். அவளுக்கும் இரண்டு தடவை காய்ச்சல் வந்து போயிற்றாம். திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடையில் மருந்து இடிக்க இப்போது கூலிக்கு ஆள் வைத்திருக்கிறேன். முதலில் வந்தவள் ஒரு மாதத்தில், கை தாங்கவில்லை என்று நின்றுவிட்டாள். இப்போது இருப்பது இரண்டாவது ஆள். கூலியை உயர்த்திக் கேட்கிறாள்.